அணுமின் நிலைய விபத்தும் நோயாளர் பாதுகாப்பும்: நீங்கள் அறிய வேண்டியவை

அணுமின்சாரத்தை ஏற்பதா என்ற வினாவுக்கு நாடுகள் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளன. பிரான்சு தனது மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அணு உலைகளிலிருந்து பெறுகிறது. ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று தனது கடைசி மூன்று உலைகளையும் நிறுத்தியது. இந்தியாவில் கல்பாக்கம், கூடங்குளம் உள்ளிட்ட இடங்களில் உலைகள் இயங்கி வருகின்றன. செலவு, எரிபொருள், பருவநிலை, கழிவு மேலாண்மை எனப் பல கூறுகளை எடைபோட்டே இம்முடிவு எடுக்கப்படுகிறது. அவற்றுள் உடல்நலம் சார்ந்த ஒரு கூற்றை மட்டும் இப்பக்கம் விளக்குகிறது: விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படுபவர் யார்? ஏற்கெனவே நோயுற்றிருப்பவரை எவ்வாறு காப்பது?

இயல்பாக இயங்கும்போது ஆபத்து உண்டா?

மண், பாறை, விண்வெளி, உணவு ஆகியவற்றிலிருந்து நாம் அனைவரும் இயற்கையாகவே கதிர்வீச்சைப் பெறுகிறோம். அதன் உலகச் சராசரி ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். அணுமின் நிலையம் போன்றவற்றால் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேரும் அளவு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவில் உள்ள வரம்பு. நிலக்கரிப் புகையோ நுரையீரலுக்கும் இதயத்துக்கும் அன்றாடம் தீங்கு விளைவிக்கிறது. எனவே, அணுமின்சாரம் பற்றிய உடல்நலக் கவலை பெரும்பாலும் விபத்தையும் கழிவையும் பற்றியதே ஆகும்.

செர்னோபில் கற்பித்த பாடம்

1986 ஏப்ரல் 26 அன்று, அந்நாளைய சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த உக்ரைனில் செர்னோபில் உலை வெடித்தது. கடுமையான கதிர்வீச்சு நோயால் அவ்வாண்டிலேயே பணியாளர்களும் தீயணைப்பு வீரர்களுமாக 28 பேர் இறந்தனர். பொதுமக்களிடையே மிகத் தெளிவாக வெளிப்பட்ட விளைவு, குழந்தைகளிடம் தோன்றிய தைராய்டு புற்றுநோய். விபத்தின்போது 18 வயதுக்குக் கீழ் இருந்தவர்களிடம் 2005ஆம் ஆண்டுக்குள் 6,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. இவற்றுள் பெரும்பங்கு கதிரியக்க அயோடினால் ஏற்பட்டது எனக் கருதப்படுகிறது. பெரும்பாலோர் சிகிச்சையால் குணமடைந்தனர்.

உலையிலிருந்து வெளியேறிய கதிரியக்க அயோடின் புல்லில் படிந்தது. அதை மேய்ந்த பசுக்களின் பால் வழியாகக் குழந்தைகளின் உடலுக்குள் சென்று தைராய்டு சுரப்பியில் தங்கியது. இதன் ஆற்றல் எட்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எனவே, முதல் சில வாரங்களில் அப்பாலைத் தவிர்த்திருந்தாலே பெரும்பகுதித் தீங்கைத் தடுத்திருக்கலாம்.

அயோடின் மாத்திரை யாருக்கு?

பொட்டாசியம் அயோடைடு மாத்திரை, கதிரியக்கமற்ற அயோடினால் தைராய்டை முன்னதாகவே நிரப்பிவிடுகிறது. அதன்பின் வரும் கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடமிராது. எனினும், இதன் எல்லைகளை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

• இது தைராய்டை மட்டுமே காக்கும். சீசியம் போன்ற பிற கதிரியக்கப் பொருள்களிடமிருந்து காக்காது.
• கதிரியக்க அயோடின் வந்தடைவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், அல்லது வந்தடைந்த இரண்டு மணி நேரத்துக்குள் உட்கொள்வதே சிறந்தது. அதிகாரிகள் அறிவிக்காமல் உட்கொள்ளக் கூடாது.
• குழந்தைகள், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கே முன்னுரிமை. 40 வயதைக் கடந்தவர்களுக்குப் பயன் குறைவு.
• தைராய்டு கோளாறோ அயோடின் ஒவ்வாமையோ உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும். தைராய்டு முழுவதும் நீக்கப்பட்டவர்களுக்கு இம்மாத்திரை தேவையில்லை. அவர்கள் வழக்கமான தைராய்டு மாத்திரையைத் தொடர வேண்டும்.
• அயோடின் கலந்த உப்பு இதற்கு ஈடாகாது. புண்ணுக்கு இடும் அயோடின் மருந்தை ஒருபோதும் குடிக்கக் கூடாது.

ஃபுகுஷிமா கற்பித்த பாடம்

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தைத் தாக்கின. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். கதிர்வீச்சினால் நேரடியாக ஏற்பட்டதாகக் கூறத்தக்க உடல்நலக் கேடு அப்பகுதி மக்களிடம் பதிவாகவில்லை என ஐக்கிய நாடுகளின் அறிவியல் குழு பின்னர் மதிப்பிட்டது.

ஆயினும் உயிரிழப்புகள் நேர்ந்தன. மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் அவசரமாக வெளியேற்றப்பட்ட நோயாளர்களுள் 50க்கும் மேற்பட்டோர் பயணத்தின்போதோ அதையடுத்தோ இறந்தனர். குளிர், நீரிழப்பு, தொடர் சிகிச்சை தடைபட்டமை ஆகியவை காரணங்களாயின. மினாமிசோமா நகரின் ஐந்து முதியோர் இல்லங்களை ஆராய்ந்தபோது, வெளியேற்றத்துக்குப் பின் இறப்பு வீதம் ஏறத்தாழ 2.7 மடங்காக உயர்ந்திருந்தது தெரியவந்தது. இவாக்கி நகரிலிருந்து நூற்றுக்கணக்கான டயாலிசிஸ் நோயாளர்களை டோக்கியோ உள்ளிட்ட தொலைவிடங்களுக்கு அனுப்பிச் சிகிச்சையைத் தொடர வேண்டியிருந்தது.

நலமாக உள்ளவருக்கு உடனடி வெளியேற்றம் பாதுகாப்பாக அமையலாம். படுக்கையில் உள்ள நோயாளரை மருத்துவத் துணையின்றி அகற்றுவதோ உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையோரைச் சில காலம் கட்டடத்துக்குள்ளேயே வைத்துக் காத்து, உரிய ஏற்பாட்டுடன் மாற்றுவது பல வேளைகளில் மேலானது.

பராமரிப்பாளர் செய்ய வேண்டியவை

அணுமின் நிலையத்துக்கு அருகில் நீங்கள் வசித்தால், பின்வருவனவற்றை இப்போதே செய்து வையுங்கள்.

• நோயின் பெயர், மருந்துகள், அளவு, ஒவ்வாமை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மருத்துவச் சீட்டுகளுடன் வைக்கவும்.
• குறைந்தது ஒரு வாரத்துக்கான மருந்தை இருப்பில் வைக்கவும். இன்சுலினைக் குளிர்ச்சியாகக் கொண்டுசெல்ல வழிசெய்யவும்.
• டயாலிசிஸ், ஆக்சிஜன், புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், மாற்று மையம் எது என்பதை மருத்துவமனையில் கேட்டறியவும்.
• நடக்க இயலாதவர் வீட்டில் இருப்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தெரிவிக்கவும்.

எச்சரிக்கை வந்தால் உள்ளே சென்று கதவு, சன்னல்களை மூடுங்கள். வெளியிலிருந்து வந்தவர் மேலாடையைக் களைந்து, உடலைக் கழுவ வேண்டும். ஆடையைக் களைவதே படிந்த துகள்களில் பெரும்பகுதியை நீக்கிவிடும். அறிவிப்பு வரும்வரை உள்ளூர்ப் பாலையும் கீரையையும் தவிர்த்து, மூடிவைத்த உணவையும் நீரையும் பயன்படுத்துங்கள். வழக்கமான மருந்துகளை நிறுத்தாதீர்கள்.

குடிமக்களாக நீங்கள் கேட்க வேண்டியவை

ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. இந்தியாவில் உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை நெருக்கடிகாலத் திட்டம் வகுக்கப்படுவது வழக்கம். அத்திட்டத்தில் உங்கள் ஊர் மருத்துவமனைக்கு இடமுண்டா? படுக்கை நோயாளருக்கு ஊர்தியும் செவிலியரும் உறுதிசெய்யப்பட்டுள்ளனரா? ஒத்திகையில் அவர்கள் சேர்க்கப்படுகின்றனரா? அணுமின்சாரம் வேண்டுமா என்பதை நாடு முடிவு செய்யும்போது, இக்கேள்விகளுக்கான விடையும் அம்முடிவின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது, நெருக்கடி நேரத்தில் உங்கள் சிகிச்சை எவ்வாறு தொடரும் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.