சந்தா கட்டாதவருக்கும் சம்பளம் கூடியது

தோட்டத்தில் கொழுந்து பறித்த என் அம்மாவின் சம்பளச் சீட்டில் மாதா மாதம் சங்கச் சந்தா கழிக்கப்பட்டிருக்கும். "எதற்கம்மா இது?" என்று கேட்டால், "நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் போய்ப் பேச ஆள் வேண்டாமா, பிள்ளை?" என்பார். தலைவர் மீது கோபம் வந்த மாதத்தில், "இவருக்கு ஏன் நான் காசு கட்டவேண்டும்?" என்றும் முணுமுணுப்பார். இரண்டும் நியாயம்தான்.

இன்று நான் ஓர் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகி நின்றோம். 2022 ஜனவரியில் சம்பளம் கூடியது. சங்கத்தில் சேராதவர்களுக்கும் கூடியது. "அப்படியென்றால் சந்தா கட்டின நாங்கள் மடையர்களா?" என்று ஓய்வறையில் ஒரு டீச்சர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

இதே கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே பல மாநிலங்களில், ஓர் அரச நிறுவனத்தில் பெரும்பான்மையினர் தெரிவு செய்த சங்கம், அங்கத்தவர் அல்லாதவருக்காகவும் பேசியே ஆகவேண்டும். அதனால் சேராதவரும் பேச்சுவார்த்தைச் செலவில் பங்கு கட்டவேண்டும் என்று விதித்தார்கள். டெட்ரொயிட் ஆசிரியர்களின் வழக்கில் 1977இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால், விரும்பாதவரின் பணத்தை அரசியலுக்குச் செலவிடக்கூடாது என்றது.

2014இல் இலினோய் மாநிலத்தில் நோயாளிகளையும் ஊனமுற்றோரையும் வீட்டில் பராமரிப்போரின் வழக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர்களில் முன்னின்றவர், சொந்த மகனைப் பராமரித்த பமேலா ஹரிஸ் என்ற தாய். இவர்கள் முழுமையான அரச ஊழியர் அல்லர், கட்டணம் அறவிட முடியாது என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. மாறுபட்ட நீதியரசர் எலினா கேகன், சங்கம் பேசியதால் பராமரிப்பாளரின் மணித்தியாலச் சம்பளம் பத்து வருடத்துக்குள் 7 டொலரில் இருந்து 13 டொலராக உயர்ந்ததை எடுத்துக்காட்டினார்.

பின்னர் 2018 ஜூன் 27இல், மார்க் ஜானஸ் என்ற இலினோய் அரச ஊழியரின் வழக்கில், 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பே தள்ளுபடியானது. அவரிடம் மாதம் சுமார் 45 டொலர் கழிக்கப்பட்டு வந்தது. அரசாங்கத்திடம் சம்பளம் பேசுவதும் அரசியல் கருத்தே, உடன்பாடில்லாத கருத்துக்குக் காசு கொடுக்கக் கட்டாயப்படுத்துவது பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம். அன்று முதல் அங்கு எந்த அரச ஊழியரிடமும் அவரது சம்மதமின்றி இக்கட்டணத்தை அறவிட முடியாது.

சகோதரிகளே, கட்டாயம் இல்லாத இடத்தில் சங்கம் நிலைப்பது நம்பிக்கையில்தான். பாடசாலை விட்டபின் மாலை ஐந்து மணிக்கு நகரத்தில் கூட்டம் வைத்தால், கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய பெண்கள் எப்படி வருவது? சந்தாக் கணக்கைப் பார்க்க அங்கத்தவருக்கு உரிமை இருந்தும், நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

போன மாதம் நான் கேட்டேன். கிளைச் செயலாளர் முகம் சுளித்தார். ஆனாலும் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அடுத்த கூட்டம் சனிக்கிழமை காலையில். அந்த டீச்சரையும் அழைத்துப் போகிறேன்.