முதல் பிஸ்டல் வாங்கும் முன்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கம் வென்றார். ஒன்று தனியாக, மற்றொன்று சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து. இரண்டுமே 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் கிடைத்தவை. அதைப் பார்த்துவிட்டு உங்கள் மகளோ மகனோ ரைபிள் கிளப்பில் சேரக் கேட்டிருக்கலாம். உங்களுக்கே ஆசை வந்திருக்கலாம். அடுத்த கேள்வி உடனே வரும்: எந்தப் பிஸ்டல் வாங்குவது?

முதலில் ஒரு வார்த்தை. இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஏன் ஏர் பிஸ்டலிலிருந்து தொடங்க வேண்டும்?

வெடிமருந்து இல்லாமல், அழுத்திய காற்றால் பெல்லட்டைத் (ஈயத்தாலான சிறு குண்டு) தள்ளும் துப்பாக்கிதான் ஏர் பிஸ்டல். சத்தம் குறைவு, அதிர்வு மிகக் குறைவு. சுடும்போது நீங்கள் செய்யும் தவறு சத்தத்திலும் உதறலிலும் மறைந்துபோகாது. பழகுகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. இது ஏதோ சின்னப் பிள்ளை விளையாட்டு என்றும் நினைக்க வேண்டாம். 1988 சியோல் முதல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒலிம்பிக்கில் இருக்கும் போட்டி இது.

பத்து மீட்டர் தூரத்தில் தொங்கும் அட்டையின் கருவட்டம் 59.5 மில்லிமீட்டர் அகலம். அதன் நடுவில் பத்துப் புள்ளிக்கான வளையம் 11.5 மில்லிமீட்டர்தான், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. நின்றுகொண்டு, ஒரே கையால், 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். மற்றொரு கையால் தாங்கக் கூடாது.

லைசென்ஸ் வேண்டுமா?

பெரும்பாலோரின் பயம் இதுதான். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு (.177 என்று கடையில் சொல்வார்கள்) மிகாமலும், குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு (ஆற்றலை அளக்கும் அலகு) மிகாமலும் இருக்கும் ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டலில் அந்த ஆற்றல் ஆறு, ஏழு ஜூல் அளவில்தான் இருக்கும். ஆகவே நீங்கள் வாங்கப் போவது வரம்புக்கு மிகவும் உள்ளே.

ஆனாலும் கடைக்காரர் உங்கள் அடையாளச் சான்றையும் முகவரிச் சான்றையும் கேட்பார். கொடுக்க வேண்டும். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகல் எப்போதும் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ரேஞ்சுக்குப் போகும் வழியில் போலீஸ் வாகனச் சோதனை நடந்தால் அந்தத் தாளும் கிளப் அடையாள அட்டையும் பேச்சைச் சுருக்கமாக முடித்துவிடும்.

.22 பிஸ்டல் வேறு கதை. அது வெடிமருந்தில் இயங்குவது. அதற்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம். சொந்தமாக வாங்கப் பொதுவான வயது வரம்பு 21. அந்த ஆசை இருந்தாலும் முதலில் ஏர் பிஸ்டலில் கை பழகுங்கள். நிற்பது, மூச்சு, டிரிக்கர் எல்லாம் இங்கே கற்றுக்கொள்வதே அங்கும் உதவும்.

சரி, ஏன் உடனே வாங்கக் கூடாது?

உங்கள் கை இன்னும் எதையும் அறியாது. அதனால்தான். பெரும்பாலான கிளப்புகளில் புதியவர்களுக்கென்று சில பிஸ்டல்கள் இருக்கும். அவற்றில் சில மாதம் சுடுங்கள். அதற்குள் உங்களுக்கு மூன்று விஷயம் தெரிந்துவிடும். எது உங்களுக்குக் கனம், எந்தப் பிடி மணிக்கட்டை வலிக்க வைக்கிறது, இந்த விளையாட்டே உங்களுக்குப் பிடிக்கிறதா. மூன்றாவதன் பதில் 'இல்லை' என்று வந்தால், பெரிய தொகை ஒன்று வீட்டில் சும்மா கிடப்பதைத் தவிர்த்தீர்கள்.

எந்த வகை இயக்கம் நல்லது?

கடையில் நான்கு வகை காட்டுவார்கள். ஸ்பிரிங் வகை விலை குறைவு. ஆனால் உள்ளே கனமான பிஸ்டன் முன்னே பாய்வதால், குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே கை ஆடிவிடும். விளையாடிப் பார்க்கலாம், பழக முடியாது. கார்பன் டை ஆக்சைடு வாயு வகையில் வெப்பம் ஏற ஏற அழுத்தமும் ஏறும். மே மாதத்தில், ஏசி இல்லாத கூடத்தில் காலையில் ஒரு மாதிரியும் மதியம் வேறு மாதிரியும் சுடும் துப்பாக்கி எதற்கு? போட்டிகளிலிருந்து அது ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது.

மூன்றாவது, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் ஒரு முறை நெம்புகோலை இழுத்துக் காற்றை அழுத்தும் வகை. சிலிண்டர் வேண்டாம், நிரப்பும் கவலை இல்லை, பல வருடம் உழைக்கும். அறுபது முறை இழுப்பதற்குள் தோள் களைத்துவிடும் என்பதுதான் குறை. வளர்ந்தவர் ஒருவர் குறைந்த செலவில் தொடங்க இது மோசமான வழியல்ல.

நான்காவதுதான் இன்று எல்லோரும் வைத்திருப்பது: முன்பே காற்று நிரப்பிய சிலிண்டர் வகை. சுமார் 200 பார் (காற்றழுத்த அலகு, நம்மைச் சுற்றியுள்ள காற்று ஏறக்குறைய ஒரு பார்) அழுத்தத்தில் நிரப்புவார்கள். ஒருமுறை நிரப்பினால் ஒரு போட்டிக்குத் தாராளம். ஸ்டெயர், வால்தர், மோரினி, ஃபைன்வெர்க்பாவ், பார்தினி என்று நீங்கள் கேள்விப்படும் பெயர்கள் எல்லாம் இந்த வகையைச் செய்பவைதான். எல்லாமே வெளிநாட்டுத் தயாரிப்பு, விலை லட்சக் கணக்கில் போகும். துல்லியத்தில் இவற்றுக்குள் புதியவர் உணரும்படியான வேறுபாடு கிடையாது. எனவே 'எந்தக் கம்பெனி சிறந்தது' என்ற வாதத்தில் நேரம் போக்க வேண்டாம்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பிடியை வைத்து. ஒரு சின்னக் கணக்கு இதை விளக்கும். பிஸ்டலின் பின்பக்கக் காட்சிக்கும் முன்பக்கக் காட்சிக்கும் (குறி பார்க்க உதவும் பள்ளமும் நிமிர்ந்த தகடும்) இடையே சுமார் 32 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கை முழுவதும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், அட்டையில் குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அதே ஒரு மில்லிமீட்டர் மணிக்கட்டு திரும்பியதால் முன்காட்சி மட்டும் விலகினால்? பத்து மீட்டரில் அது 31 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். பத்தில் விழ வேண்டிய குண்டு ஏழுக்குப் போகும்.

கை ஆடுவதைக் கண்டு புதியவர்கள் பயப்படுகிறார்கள். ஆட்டம் எல்லோருக்கும் உண்டு. மணிக்கட்டு திரும்புவதுதான் புள்ளியைத் தின்கிறது. மணிக்கட்டை ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் நிறுத்தி வைப்பது மரப்பிடியின் வேலை.

பிடி எனக்குப் பொருந்துகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளப்பில், பெல்லட் இல்லாத பிஸ்டலை, கோச் பக்கத்தில் நிற்க, அட்டையை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கண்ணை மூடுங்கள். கையை இறக்கி, மறுபடி இயல்பாக உயர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் முன்காட்சி பின்காட்சியின் பள்ளத்துக்குள் நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இடப்பக்கமோ கீழேயோ விலகி நின்றால் அந்தப் பிடி உங்களுக்கானது அல்ல, அல்லது அதைத் திருத்த வேண்டும்.

பிடிகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகளில் வரும். இடக்கைக்காரருக்குத் தனிப் பிடி உண்டு. வலக்கைப் பிடியை வைத்துச் சமாளிக்க வேண்டாம். கையைத் தாளில் வைத்து வரைந்து, அளவெடுத்த பிறகே ஆர்டர் கொடுங்கள். பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் பெரிய பிடியைத் தலையில் கட்டுவது நடக்கிறது. 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சுட்டுவிரலையும் கவனியுங்கள். அதன் நுனிப்பகுதி டிரிக்கரில் படிய வேண்டும். விரலின் மற்ற பகுதி மரத்தில் உரசக் கூடாது. உரசினால் இழுக்கும்போது பிஸ்டலையும் சேர்த்துத் தள்ளிவிடுவீர்கள். நல்ல பிஸ்டல்களில் டிரிக்கரை முன்பின் நகர்த்தி அமைக்க வழி இருக்கும்.

சரியான அளவு வாங்கியும் சில இடத்தில் இடிக்கலாம். மரத்தை உப்புத்தாளால் தேய்ப்பதும், குறைவான இடத்தில் மரத்துக்கான புட்டி வைத்து நிரப்புவதும் சாதாரணம். ஆனால் பிடி மணிக்கட்டைத் தாங்கும்படி நீட்டக் கூடாது. போட்டி விதி அனுமதிக்காது. அனுபவமுள்ளவர் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். செதுக்கிய மரம் திரும்ப வராது.

எடை எவ்வளவு இருக்கலாம்?

போட்டியில் 1500 கிராம் வரை அனுமதி. பெரும்பாலான பிஸ்டல்கள் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். நீட்டிய கையில் ஒரு கிலோ என்பது அறுபதாவது குண்டில் நிறைய. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, குட்டையான குழலுள்ள இலகுவான மாடலைக் கேளுங்கள். கனமானதைக் கொடுத்தால் பிள்ளை முதுகை வளைத்துத் தோளைத் தூக்கிச் சமாளிக்கும். அந்தப் பழக்கம் பிறகு போகாது.

டிரிக்கர் மெக்கானிக்கலா, எலக்ட்ரானிக்கா?

முதல் பிஸ்டலுக்கு மெக்கானிக்கல் என்பேன். எலக்ட்ரானிக் டிரிக்கர் மென்மையாக விடுபடும், உண்மைதான். ஆனால் பேட்டரியும் மின்சுற்றும் கூடவே வரும். பழுதுபார்க்க ஆள் தேட வேண்டும். பழுது எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக்கே சாட்சி. அங்கே தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் கோளாறாகிப் பொன்னான நிமிடங்கள் போயின. 575 புள்ளியோடு 12-ஆம் இடத்தில் நின்று இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். எந்த வகையாக இருந்தாலும், அருகில் சரிசெய்யக்கூடிய ஆள் இருக்கும் பிஸ்டலே நல்ல பிஸ்டல்.

டிரிக்கரை 500 கிராமுக்குக் குறைவான இழுப்பில் விடுபடும்படி வைக்கக் கூடாது. போட்டிக்கு முன் 500 கிராம் எடையை டிரிக்கரில் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். நீங்கள் சற்றுக் கூடுதலாகவே வைத்துப் பழகுங்கள்.

பழைய பிஸ்டல் வாங்கலாமா?

தாராளமாக. மூத்த வீரர்கள் மாடல் மாற்றும்போது விற்பார்கள். பல கிளப்புகளில் முதல் பிஸ்டல் கைமாறுவது இப்படித்தான். ஆனால் சிலிண்டரைப் பாருங்கள். அதில் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்பது தயாரிப்பாளர்களின் பொதுவான எச்சரிக்கை. தேதி தாண்டியிருந்தால், புதிய சிலிண்டர் விலையைக் கழித்துப் பேசுங்கள். நிரப்பிய சிலிண்டரை மாட்டி ஓரிரவு வைத்துப் பாருங்கள். மறுநாள் அழுத்தம் இறங்கியிருந்தால் ரப்பர் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. சிலிண்டரில் காற்று மட்டுமே நிரப்புங்கள். மருத்துவமனை ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பாதீர்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டால் வெடிக்கும்.

பிஸ்டலைத் தவிர வேறு செலவு?

உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு டப்பாவில் பொதுவாக 500 பெல்லட். ஒரு நாளைக்கு நூறு சுட்டால் ஐந்தே பயிற்சியில் காலி. தட்டையான முனை உள்ளதை வாங்குங்கள். அது அட்டையில் சுத்தமான வட்டத் துளை போடும், புள்ளி கணக்கிட எளிது. கிளப் சந்தா, கோச் கட்டணம், தட்டையான அடியுள்ள காலணி, பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவையும் சேரும். கையிலுள்ள பணம் முழுவதையும் பிஸ்டலில் போட்டுவிட்டுப் பெல்லட்டை எண்ணி எண்ணிச் சுடுவதைவிட, நடுத்தரப் பிஸ்டலும் நிறையப் பயிற்சியும் மேல்.

பெல்லட் ஈயம் என்பதால், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்ன வேண்டாம். பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

வீட்டில் எப்படி வைப்பது?

லைசென்ஸ் தேவைப்படாத பிஸ்டலும் கண்பார்வையைப் பறித்துவிடும். பூட்டிய பெட்டியில் பிஸ்டல், வேறு இடத்தில் பூட்டி பெல்லட், குழலுக்குள் பாதுகாப்புக் கயிறு (உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் பளிச்சென்ற நிறக் கயிறு). மொட்டை மாடியில் சுட்டுப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். சுவரில் பட்ட குண்டு எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் செய்யத்தக்கது வெற்றுப் பயிற்சி, அதாவது பெல்லட் இல்லாமல் டிரிக்கரை மட்டும் இழுத்துப் பழகுவது. போட்டிப் பிஸ்டல்களில் இதற்கென்று தனி அமைப்பு இருக்கும். வாங்கும்போது அதைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பிரிங் வகையில் குண்டில்லாமல் இழுத்தால் உள்பாகம் கெடும்.

பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதன் உதிரிபாகமும் ரப்பர் வளையமும் இந்தியாவில் எங்கே கிடைக்கும்? சிலிண்டரின் தேதி என்ன? இரண்டில் ஒன்றுக்குத் தெளிவான பதில் வராவிட்டாலும், பிஸ்டல் எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காமல் திரும்பிவிடுங்கள்.