உங்களுக்குத் தெரியுமா? படையெடுப்பைத் தள்ளிப்போட வைத்த அஞ்சலகப் பெண்

அயர்லாந்தின் மேற்குக் கரையோரம், பிளாக்சாட் என்ற சிற்றூரின் அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர் மோரீன் ஃபிளேவின். தபால் வேலைக்கென்று சேர்ந்தவருக்கு, வானிலை அளவுகளைக் குறித்து அனுப்பும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தாலும் வானிலைத் தகவல்களைப் பிரிட்டனுக்குத் தந்துகொண்டிருந்தது.

1944 ஜூன் 3, அவருடைய 21ஆவது பிறந்தநாள். காற்றழுத்தமானி மளமளவென இறங்குவதைப் பார்த்து, அளவை அப்படியே அனுப்பினார். சற்று நேரத்தில் இங்கிலாந்திலிருந்து தொலைபேசி: “தயவுசெய்து மறுபடி சரிபாருங்கள்.” பார்த்தார், அதே அளவுதான்.

பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்க ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டு வீரர்கள் காத்திருந்தனர். குறித்த நாள் ஜூன் 5. பிளாக்சாட் அளவும் சேர்ந்து புயல் வருவதை உறுதிப்படுத்த, நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர் படையெடுப்பை ஒருநாள் தள்ளிவைத்தார். கொந்தளித்த கடலில் இறங்கியிருந்தால் எத்தனை உயிர்கள் போயிருக்குமோ!

இதெல்லாம் மோரீனுக்குத் தெரிந்ததே 1956இல்தான். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அவரைக் கௌரவித்தது 2021இல்; மிகவும் தாமதமான மரியாதை. 2023 டிசம்பரில், நூறு வயதில் காலமானார்.