மூக்குக் கண்ணாடி எங்கே?

காலையில் நாளிதழை விரித்ததும் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறோம். மேசை, அலமாரி, பூசை அறை எங்கும் இல்லை. இறுதியில் அது நெற்றியின்மேலேயே இருக்கிறது; வீடே சிரிக்கிறது.

இதற்கு எப்போதும் முதுமையே காரணமன்று. கண்ணாடியைக் கழற்றும்போது மனம் தொலைபேசியிலோ அடுப்பிலோ இருந்தால், வைத்த இடம் நினைவில் பதிவதே இல்லை. பதியாததை எவ்வாறு நினைவுகூர்வது? ஆகவே, கண்ணாடிக்கும் சாவிக்கும் பணப்பைக்கும் நிலையான ஓரிடம் வகுத்துக்கொள்வதே நன்று.

ஆனால், காணாமற்போனது ஏ.டி.எம். அட்டையாயின், “வீட்டில்தான் எங்கோ இருக்கும்” என்று வாளாவிருத்தல் கூடாது. இந்திய ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, மின்னணுப் பரிவர்த்தனையில் நமது கவனக்குறைவால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நம்மையே சாரும். தெரிவித்தபின் நேர்வது வங்கியைச் சாரும். பாதுகாப்புப் பெட்டகச் சாவியும் அத்தகையதே. அதற்கு மாற்றுச் சாவி வங்கியிடம் இல்லை. பெட்டகத்தை உடைத்துத் திறக்கும் செலவு வாடிக்கையாளருடையது.

எனவே, முதலில் வங்கிக்குத் தெரிவியுங்கள். பிறகு நிதானமாகத் தேடுங்கள். அட்டை கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டாலும் பணம் பத்திரமாக இருக்கும்.