பலகை வளைந்தால் பெயர் கலங்கும்!
ராஜபாளையம் அச்சுக்கடையில் ஒரு நாள் பட்ட பாடு

கண்ணாடி, டைல்ஸ், தகரம், மரம், செல்போன் கவர்... எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதன் மேலேயே கலர் படம் அடித்துத் தரும் மெஷின் இப்போது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. பெயர் "பிளாட்பெட் பிரிண்டர்." அகலமான மேஜை ஒன்று. அதில் பொருளை வைத்தால், மேலே ஒரு பெட்டி இப்படியும் அப்படியும் ஓடி மையைத் துளித்துளியாகத் தூவும். கூடவே ஓடும் விளக்கின் புற ஊதா ஒளி பட்டதும் மை அங்கேயே இறுகிவிடும். காய வைக்கும் வேலையே இல்லை!

"எதில் வேண்டுமானாலும் அடிக்கலாம்" என்று போர்டு வைத்திருப்பார்கள். வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

பக்கத்துச் சிவகாசி ஆப்செட் அச்சில் பெயர் வாங்கிய ஊர். காலண்டர், தீப்பெட்டி லேபிள் எல்லாம் காகிதம். காகிதம் சொன்ன பேச்சைக் கேட்கும். மரம் கேட்குமா?

மச்சான் வீட்டுப் பலகை

நமக்கே நடந்த சங்கதி இது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சான் புது வீடு கட்டினார். இடித்த பழைய வீட்டில் மிஞ்சியது தேக்குக் கதவின் ஒரு பலகை மட்டும்தான். அதில் மாமனார் பெயரைப் போட்டு வாசலில் மாட்ட வேண்டும் என்று மச்சானுக்கு ஆசை. இடது ஓரத்தில் ஆண்டாள் கோவில் ராஜகோபுரம், 11 நிலையும் தெரிய வேண்டும். வலது பக்கம் பெயர். ஆசாரி முன்பக்கத்தை மட்டும் இழைத்துக் கொடுத்தார். கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாள் இருக்கையில் பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு கடையில் கொடுத்தோம்.

மறுநாள் போனால், கோபுரம் கிண்ணென்று இருக்கிறது. பெயரோ மழையில் நனைந்த போஸ்டர்! எழுத்துக்கு இரட்டை விளிம்பு. சுற்றிலும் புகை மாதிரி ஒரு மூட்டம்.

"ஏன் அண்ணாச்சி, பலகையை ஒரு தடவை மட்டம் பாத்திருக்கலாம்ல?" என்றோம்.

"தேக்கு வளையாதுன்னு நினைச்சேன் சார்" என்றார் கடைக்காரர். கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. கொண்டுபோய்க் கொடுத்த நாமாவது பார்த்தோமா?

4 மில்லிமீட்டர் செய்த வேலை

ரசமட்டக் கட்டையை வைத்துப் பார்த்தால் வலது ஓரம் 4 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் இழைத்த பழைய மரம், ஈரம் இரண்டு பக்கமும் சமமாகப் போகாமல் வளைந்துவிட்டது.

மை விடும் "ஹெட்"டுக்கும் பொருளுக்கும் நடுவே பொதுவாக 2 மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். ஹெட் ஓடிக்கொண்டே துளியை விடுகிறது. பள்ளம் அதிகமானால் துளி விழ நேரமாகும். அதற்குள் தள்ளிப் போய் விழும். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் தள்ளும். இரட்டை விளிம்பு அப்படித்தான் வந்தது. மிகப் பொடித் துளிகள் காற்றில் அலைந்து மூட்டமாகப் படிந்துவிட்டன.

அப்படியானால் ஹெட்டை இன்னும் கீழே இறக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். இறக்கினால் மேட்டில் இடிக்கும். ஒரு ஹெட்டின் விலை ரகத்தைப் பொறுத்து லட்சத்தைக்கூடத் தொடும். ஒரு இடியில் கடைக்காரரின் பல மாத வருமானம் காலி! அதனால்தான் உயரத்தை எப்போதும் மேட்டில்தான் அளக்கிறார்கள். பள்ளத்தின் பாடு அதோ கதி.

பளபளக்கும் உலோகத்தில் வேறொரு தொல்லை. புற ஊதா ஒளி அதில் பட்டுத் திரும்பி, ஹெட்டின் துவாரத்தில் இருக்கும் மையையே இறுக்கிவிடும். கண்ணாடியிலும் டைல்ஸிலும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பிடிமானத்துக்கு "பிரைமர்" பூசாவிட்டால் நகம் பட்டாலே உரியும். பால்கோவா டப்பா மூடிக்கு அடிக்கலாம், ஆனால் மை வெளிப்பக்கத்தோடு நிற்க வேண்டும். தின்பண்டத்தில் படக் கூடாது.

மஞ்சப்பைக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. சட்டத்தில் துணி கட்டி மையை இழுத்துவிடும் பழைய "ஸ்கிரீன்" அச்சே போதும். ஆயிரம் பை என்றால் அதுதான் மலிவு. ஒரே ஒரு பொருள், பல கலர் என்றால்தான் பிளாட்பெட்டுக்கு வேலை.

முந்தின நாள் ராத்திரி

இறுகிய மை தண்ணீரில் போகாது. திரும்ப ஆசாரியிடமே ஓடினோம். இரண்டு பக்கமும் இழைத்தார். ஒரு அங்குலப் பலகை முக்கால் அங்குலம் ஆனது. "இதுக்கு மேல கை வச்சா பலகை இருக்காது" என்று சொல்லித்தான் கொடுத்தார். மச்சான் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த முறை கடைக்காரர் அவசரப்படவில்லை. நாலு மூலையிலும் நடுவிலும் உயரம் அளந்தார். அடியில் அட்டைத் துண்டு செருகி மட்டம் செய்தார். அதே மரத்தின் சில்லில் முதலில் அடித்து, கீறி, செலோடேப் ஒட்டி வெடுக்கென்று பிய்த்தார். மை வரவில்லை! பிறகுதான் பலகை மெஷினில் ஏறியது. தேக்கு நிறத்தில் கலர் அமுங்கிவிடும் என்று முதலில் வெள்ளை மை, அதன் மேல் படம். இரண்டு திசையிலும் அடிக்காமல் ஒரே திசையில் மெதுவாக ஓடவிட்டார். காசு? இரண்டாம் தடவைக்கு வாங்கவில்லை.

ராத்திரி கடைசி நேரத்தில் பஸ் பிடித்து, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தோம். விடிகாலை முகூர்த்தத்துக்கு முன் பலகை வாசலில் ஏறிவிட்டது. பெயரின் கடைசி எழுத்தில் பழைய தாழ்ப்பாள் ஆணித் துளை ஒன்று அப்படியே இருக்கிறது. மெழுகு வைத்து அடைக்கவா என்று ஆசாரி கேட்டார். "அப்பா கை பட்ட இடம், இருக்கட்டும்" என்றுவிட்டார் மச்சான்.