நான்காம் தரத்தில் பிள்ளையிடம் எதனை எதிர்பார்க்கலாம்?

நான்காம் தரத்துக்கு வகுப்பேற்றம் பெறும் பிள்ளையின் பெற்றோர் பலரும் முதலில் விசாரிப்பது, புலமைப்பரிசில் வகுப்புக்கு யாரிடம் அனுப்புவது என்பதைத்தான். வகுப்பாசிரியர் யார், ஆண்டு முடிவில் பிள்ளைக்கு எவை கைவந்திருக்க வேண்டும் என்ற கேள்விகள் அதற்குப் பின்னரே எழுகின்றன. சில வீடுகளில் அவை எழுவதேயில்லை. ஐந்தாம் தரத்துக்குப் போகும் வழியில் நான்காம் தரம் ஒரு தரிப்பிடம் என்ற எண்ணம் யாழ்ப்பாணத்திலும் கல்முனையிலும் ஹற்றனிலும் ஒன்றுபோலவே வேரூன்றியுள்ளது.

பாடத்திட்டத்தை வகுத்தோர் அவ்வாறு கருதவில்லை. 1998 இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் 1, 2 என்பன முதலாம் நிலை. 3, 4 என்பன இரண்டாம் நிலை. ஐந்தாம் தரம் தனித்து மூன்றாம் நிலை. முதலாம் நிலையில் விளையாட்டுக்கே முதலிடம். இரண்டாம் நிலையில் விளையாட்டு, செயற்பாடு, இருந்து எழுதும் வேலை ஆகிய மூன்றுக்கும் சம இடம். மூன்றாம் நிலையில்தான் எழுத்து வேலை மேலோங்குகின்றது. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை அடைந்திருக்க வேண்டிய அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகளும் வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே நான்காம் தரம் ஒரு நிலை நிறைவுறும் ஆண்டாகும். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தைச் சேர்ந்த தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் மதிப்பீட்டு நிலையம் 2003 முதல் தேசிய மட்ட அடைவு மதிப்பீடுகளை நான்காம் தரத்து மாணவரிடையே நடத்தியமை இங்கு குறிப்பிடத்தக்கது. தாய்மொழி, கணிதம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் மாகாணங்களுக்கிடையே நிலவும் இடைவெளியை அம்மதிப்பீடுகள் வெளிக்கொணர்ந்தன.

இவ்வாண்டில் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக அமைவது வாசிப்பு. முதல் மூன்று தரங்களில் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கின்றது. நான்காம் தரத்திலிருந்து வாசித்தே கற்க வேண்டியிருக்கின்றது. இந்த மாற்றம் ஓசையின்றி நிகழ்வதால் பல பிள்ளைகள் இங்கேயே தடுக்கி விழுகின்றனர். பாடநூலின் பழகிய பக்கத்தைத் தங்குதடையின்றி ஒப்புவிக்கும் பிள்ளை, முன்பின் காணாத ஒரு பந்தியைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டித் திணறுவதை ஆசிரியர்கள் நன்கறிவர். வேறு சில பிள்ளைகள் சரளமாக வாசித்துவிடுவர், புத்தகத்தை மூடிவிட்டு "என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டால் பதில் இராது. பெற்றோர் இதனை வீட்டிலேயே அறிந்துகொள்ளலாம். இன்னும் படிப்பிக்கப்படாத பாடமொன்றையோ பத்திரிகையின் சிறுவர் பக்கத்தையோ வாசிக்கச் சொல்லி, பின்னர் அதனைச் சொந்தச் சொற்களிற் கூறச் செய்தால் போதும். ஒரு தவணைக்கு இருமுறை இவ்வாறு செய்வது, வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று விசாரிப்பதைவிடக் கூடுதலான உண்மையைச் சொல்லும்.

வீட்டுத் தமிழும் பாடநூல் தமிழும் ஒன்றல்ல என்பதையும் நாம் மறந்துவிடுகின்றோம். யாழ்ப்பாணப் பிள்ளை பேசுவது ஒருவகை, அம்பாறைக் கரையோர முஸ்லிம் பிள்ளை பேசுவது இன்னொருவகை, தோட்டப்புறப் பிள்ளை பேசுவது மற்றொருவகை. இவற்றுள் எதுவும் பிழையான தமிழன்று. ஆயினும் எழுத்துத் தமிழ் இம்மூவருக்குமே ஓரளவு புதியது. ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் சொல்வதெழுதுதலில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். நான்காம் தரத்தில் இத்தகைய எழுத்துப் பிழைகள் இருப்பது இயல்பு. அவற்றுக்காகப் பிள்ளையை அடிப்பது பயன் தராது. ஆனால் நான்கைந்து வசனங்களைத் தானாக யோசித்து எழுதப் பிள்ளை மறுக்குமாயின் அதனைக் கவனிக்க வேண்டும்.

கணிதத்திலும் இதே கதைதான். வாய்பாடு மனனமாகியிருக்கும், ஒரு பெட்டியில் 8 பென்சில் வீதம் 7 பெட்டிகளில் எத்தனை என்று கேட்டால், கூட்டுவதா பெருக்குவதா என்று பிள்ளை முகத்தைப் பார்க்கும். நடுவிற் பூச்சியம் வரும் எண்ணிலிருந்து கடன் வாங்கிக் கழித்தல், இடப்பெறுமானம், பின்னம் என்பனவே பெரும்பாலும் இடறும் இடங்கள். 1000 ரூபாய்த் தாளுடன் கடைக்கு அனுப்பி மிச்சக் காசைக் கணக்குப் பார்க்கச் சொல்வது பயிற்சிப் புத்தகத்தின் பல பக்கங்களுக்குச் சமம்.

ஆங்கிலத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். தரம் 3 இல்தான் அது முறையான பாடமாகத் தொடங்குகின்றது. போதிய ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலைகளும் பல.

இனிப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வருவோம். 40 வினாக்களும் 60 வினாக்களும் கொண்ட இரு வினாத்தாள்களை, ஒன்றுக்கு ஒரு மணி நேரமும் மற்றையதற்கு ஒன்றேகால் மணி நேரமுமாகப் பத்து வயதுப் பிள்ளை எழுத வேண்டியுள்ளது. வினாவை ஒருமுறை வாசித்தவுடன் விளங்கிக்கொள்ளாத பிள்ளைக்கு நேரம் போதாது. இப்பரீட்சைக்கான மிகச் சிறந்த ஆயத்தமும் நான்காம் தரத்து வாசிப்புத்தான் என்பதைப் பெற்றோர் நம்பத் தயங்குகின்றனர். பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் குர்ஆன் மத்ரஸா, அதன்பின் தனியார் வகுப்பு, ஞாயிறு காலையில் அஹதிய்யா அல்லது அறநெறிப் பாடசாலை என்று ஓடும் பிள்ளை எந்நேரத்தில் விளையாடும்? சமயக் கல்வியை எவரும் குறைக்கச் சொல்லவில்லை. மாதிரி வினாத்தாள் வகுப்பை ஓராண்டு தள்ளிப்போட்டால் பிள்ளை எதையும் இழந்துவிடாது என்பதே எமது கருத்து.

பாடசாலைகளின் பக்கத்திலும் தவறு உண்டு. திறமையான ஆசிரியரை ஐந்தாம் தரத்தில் நிறுத்திவிட்டு, எஞ்சியவரை நான்காம் தரத்துக்கு அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருந்து வருகின்றது. தோட்டப்புறங்களிலும் எல்லைக் கிராமங்களிலும் உள்ள சிறிய பாடசாலைகளில் ஓராசிரியரே இரு தரங்களையும் சேர்த்துப் படிப்பிக்க நேர்கின்றது. பரீட்சை நெருங்கும் மாதங்களில் அவ்வகுப்பறையின் ஒரு பாதி பயிற்சித்தாளுடன் மல்லுக்கட்ட, மறுபாதி உறுப்பெழுத்துக் கொப்பியுடன் சும்மா இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி இதுவேயன்றி, புள்ளி வரிசையன்று.

கூட்டத்துக்குச் செல்வோர் அப்பியாசக் கொப்பிகளையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதியது மட்டும் பிழையாக இருந்தால் பிள்ளையின் கண்பார்வையைப் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் பிள்ளை தானாக எழுதிய பக்கம் ஒன்றுகூட இல்லையென்றால் ஆசிரியரிடம் காரணம் கேட்கலாம். முதலாந் தவணையிற் கண்டுகொள்ளப்படும் குறையைத் திருத்த இன்னும் இரு தவணைகள் இருக்கும். ஐந்தாம் தரத்தில் வினாத்தாள்கள் குவியத் தொடங்கிய பின்னர், வாசிக்கத் தெரியாத பிள்ளையை அருகில் இருத்திச் சொல்லிக்கொடுக்க எந்த ஆசிரியருக்கும் நேரம் கிடைப்பதில்லை.