மூன்று ஆட்டம் பார்த்தால் போதுமா?

2003 செப்டம்பர் 7, அமெரிக்கன் ஃபுட்பால் பருவத்தின் முதல் ஞாயிறு. போஸ்டன் வட்டாரத்தின் செல்ல அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், பஃபலோ பில்ஸ் அணியிடம் 31–0 என்று உதை வாங்கியது. குவார்ட்டர்பேக் டாம் பிரேடி வீசிய பந்துகளில் நான்கை எதிரணி பறித்துக்கொண்டது. தடுப்பாட்டத்தின் முக்கியத் தூணாக இருந்த லாயர் மில்லாயைச் சில நாட்களுக்கு முன்புதான் நிர்வாகம் விடுவித்திருந்தது. அவர் பஃபலோவில் சேர்ந்து, பழைய அணிக்கு எதிராக அன்றே களமிறங்கினார். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். தடுப்பாட்டம் குலைந்துவிட்டது, அணிக்குள் ஏதோ சரியில்லை என்ற பேச்சு நாடு முழுக்கக் கிளம்பியது.

அதே பருவத்தின் கணக்கை டிசம்பரில் முடித்தபோது, லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி பேட்ரியட்ஸ்தான். 16 ஆட்டங்களில் வெறும் 238 புள்ளிகள். கடைசி லீக் ஆட்டத்தில் அதே பஃபலோவை அதே 31–0 கணக்கில் வென்றார்கள். பிறகு சூப்பர் பௌல் கோப்பையையும் தூக்கினார்கள்.

முதல் வாரத்தில் கொதித்த ரசிகர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். அன்று அணி மோசமாக ஆடியது உண்மை. ஆனால் அந்த ஒரு நாளை வைத்து மீதி 15 ஆட்டங்களைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரிலும் அக்டோபரிலும் அமெரிக்க நகரங்களில் நடக்கும் வாக்குவாதங்களுக்கு அடியில் இருப்பது இந்தக் கேள்விதான். குவார்ட்டர்பேக்கை மாற்ற வேண்டுமா? தடுப்பாட்டம் இப்படி ஓட்டையாக இருக்கிறதே, இனித் தேறுமா? இதற்குப் புள்ளியியல் கொடுக்கும் பதில், ரசிகர்களுக்கும் அணி நிர்வாகிகளுக்கும் ஒருசேரப் பயன்படக்கூடியது.

குவார்ட்டர்பேக்தான் அணியின் தாக்குதலை நடத்துபவர். ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதல் ஆட்டத்திலும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடச் சொல்வது என்பதை இரண்டு மூன்று விநாடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் வெற்றியின் மாலையும் தோல்வியின் பழியும் அவர் கழுத்தில் விழுகின்றன. வாரத்துக்கு ஓர் ஆட்டம், அந்நாளில் பருவத்துக்கு 16 ஆட்டம், 2021 முதல் 17. பேஸ்பால் அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டம் உண்டு; அங்கே பொறுத்துப் பார்க்கலாம். இங்கே மூன்று ஆட்டம் போனால் பருவத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். காத்திருக்க நேரமில்லை, அவசரப்படப் போதிய தரவும் இல்லை.

தொண்ணூறு வீச்சுகளின் கணக்கு

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதிரணி பறித்துக்கொள்ளும் வீச்சுக்கு இன்டர்செப்ஷன் என்று பெயர். ஒரு குவார்ட்டர்பேக்கின் உண்மையான திறமைப்படி, நூறு வீச்சில் மூன்று பறிபோகும் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு 30 வீச்சு என்றால் மூன்று ஆட்டத்தில் 90. சராசரியாக அவர் இழக்க வேண்டியது மூன்றுக்குச் சற்றுக் குறைவு.

ஆனால் சராசரி அப்படியே வந்து நிற்பதில்லை. நிகழ்தகவுக் கணக்குப்படி, இவர் அந்த 90 வீச்சில் ஒன்றைக்கூட இழக்காமல் இருக்க 6 சதவீத வாய்ப்பு உண்டு. ஐந்தோ அதற்கு மேலோ இழக்க 13 சதவீத வாய்ப்பு உண்டு. திறமை மாறவில்லை, உழைப்பு மாறவில்லை. ஒரு நகரத்தில் அவர் தவறே செய்யாத தளபதி. இன்னொரு நகரத்தில் உடனே உட்கார வைக்கப்பட வேண்டியவர்.

இது காகிதக் கணக்கு மட்டுமில்லை. பிரேடி லீக்கில் வீசிய முதல் 162 வீச்சுகளில் ஒன்றைக்கூட எதிரணிக்குக் கொடுக்கவில்லை. அப்போது அது ஒரு சாதனை. 2001 அக்டோபர் 28 அன்று டென்வரில் ஒரே ஆட்டத்தில் நான்கைக் கொடுத்தார். அந்தப் பருவ முடிவில் 413 வீச்சுக்கு 12. நூற்றுக்கு மூன்று என்ற சாதாரண விகிதத்துக்கு அருகில் வந்து நின்றார். 162 வீச்சின் முடிவில் அவரைப் பிழையே இல்லாதவர் என்று எழுதியவரும், டென்வரைப் பார்த்துவிட்டு அவர் கதை முடிந்தது என்று எழுதியவரும் ஒரே தவறைத்தான் செய்திருப்பார்கள்.

தடுப்பாட்டம் ஏன் ஏமாற்றுகிறது?

தாக்குதலைவிடத் தடுப்பாட்டத்தை எடைபோடுவது இன்னும் கடினம். இந்த விளையாட்டின் தரவுகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று: ஓர் அணியின் தாக்குதல் தரம் ஆண்டுக்கு ஆண்டு ஓரளவு நிலையாக இருக்கிறது, தடுப்பாட்டத் தரம் அதைவிட அதிகமாக ஏறி இறங்குகிறது. காரணம் விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. பந்து எங்கே போக வேண்டும் என்பதைத் தாக்கும் அணி முடிவு செய்கிறது. தடுக்கும் அணி அதற்கு எதிர்வினை செய்கிறது. எதிரே நிற்பவர் லீக்கின் முதல்தரக் குவார்ட்டர்பேக்கா, புதுமுகமா என்பதைப் பொறுத்து ஒரே தடுப்பாட்டம் இரண்டு விதமாகத் தெரியும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அது சரிதான், பானையில் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே சூட்டில் வேகிறது. ஃபுட்பால் பருவம் அப்படிப்பட்ட பானை இல்லை. ஒவ்வொரு வாரமும் எதிரணி வேறு, வானிலை வேறு, காயம்பட்டோர் பட்டியல் வேறு. முதல் மூன்று வாரம் வலுவான அணிகளோடு மோத நேர்ந்த தடுப்பாட்டம் வேகாததுபோலவே தெரியும்.

கைநழுவிய பந்தையும் கவனியுங்கள். எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிடுவது திறமை. தட்டிவிட்ட பந்தை யார் எடுப்பார் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். நீள்வட்டப் பந்து தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. கீழே விழுந்த பந்துகளில் ஏறக்குறைய பாதி இந்த அணிக்கும் பாதி அந்த அணிக்குமாக நீண்ட காலத்தில் சமன்படுகின்றன. ஆனால் மூன்று வாரத்தில் ஐந்து பந்து விழுந்து ஐந்தும் எதிரணிக்கே போவது நடக்கக்கூடியதுதான். அப்போது புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் தடுப்பாட்டம் படுமோசமாகத் தெரியும்.

விட்டுக்கொடுத்த புள்ளிகள் எல்லாம் தடுப்பாட்டத்தின் தலையில் எழுதப்பட வேண்டியவையும் இல்லை. அந்த 31–0 ஆட்டத்தில் பஃபலோவின் பருத்த தடுப்பாட்டக்காரர் சாம் ஆடம்ஸ், பிரேடி வீசிய பந்தைப் பறித்து 37 கெஜம் ஓடி, கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். அந்தப் புள்ளிகள் விழுந்தபோது பேட்ரியட்ஸின் தடுப்பாட்டம் களத்திலேயே இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முதல் அடி எடுத்து வைத்தவர்களில் ஒருவர் குவார்ட்டர்பேக்காகவே இருந்தவர். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு ஆடிய வர்ஜில் கார்ட்டர், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மேக்கலுடன் சேர்ந்து 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். களத்தின் எந்த இடத்தில் பந்து கையில் இருந்தால் சராசரியாக எத்தனை புள்ளி கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். சொந்த கோல் கோட்டை ஒட்டிப் பந்து கிடைத்தால் அதன் மதிப்பு சுழியத்துக்கும் கீழே. அங்கிருந்து எதிரணியே அடுத்துப் புள்ளி எடுக்க வாய்ப்பு அதிகம். இன்று அணிகள் பயன்படுத்தும் எதிர்பார்ப்புப் புள்ளி என்ற அளவுகோல் இதிலிருந்துதான் கிளைத்தது. ஐந்து கெஜம் என்பது எல்லா இடத்திலும் ஐந்து கெஜம் இல்லை என்பது அதன் சாரம்.

2001 பேட்ரியட்ஸ் இதற்கு நல்ல சாட்சி. 31 அணிகள் கொண்ட லீக்கில், விட்டுக்கொடுத்த கெஜக் கணக்கில் அவர்கள் 24ஆம் இடம். விட்டுக்கொடுத்த புள்ளிக் கணக்கில் 6ஆம் இடம். களத்தின் நடுவில் வளைந்துகொடுத்து, கோட்டுக்கு அருகில் இறுகி நின்றார்கள். கெஜத்தை மட்டும் எண்ணிய ரசிகருக்கு அது ஓட்டைத் தடுப்பாட்டம்.

மாற்று வீரரின் அதிர்ஷ்டம்

அமெரிக்காவில் ஒரு பழைய பேச்சு உண்டு: ஊரிலேயே மக்களுக்கு மிகவும் பிடித்தவர், ஆடாமல் உட்கார்ந்திருக்கும் மாற்றுக் குவார்ட்டர்பேக். அவர் இன்னும் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் இறங்கியதும் அணி தேறினால், மாற்றம்தான் காரணம் என்று எல்லோரும் நம்பிவிடுகிறோம்.

ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1886இல் எழுதிவைத்த உண்மை இங்கே வேலை செய்கிறது. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டையாகவும், குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருப்பதை அவர் கண்டார். திறமையும் தற்செயலும் கலந்த எதிலும், உச்சத்துக்கோ அடிமட்டத்துக்கோ போன அளவு அடுத்த முறை சராசரிப் பக்கம் நகரும். இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் உளவியலாளர் டேனியல் கானெமன் இதையே கண்டார். திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறார்கள், பாராட்டினால் கெடுகிறார்கள் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். மிக மோசமாக ஓட்டியதற்குப் பிறகு திட்டாவிட்டாலும் கொஞ்சம் தேறியிருப்பார்கள் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

யாரும் நன்றாகப் போகும்போது குவார்ட்டர்பேக்கை மாற்றுவதில்லை. அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் மாற்றுகிறார்கள். மாற்றாவிட்டாலும் ஓரளவு தேறியிருக்கக்கூடிய இடம் அது. நெதர்லாந்தின் கால்பந்து லீக்கில் 1986 முதல் 2004 வரையான பயிற்சியாளர் நீக்கங்களை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் தெர் வீல், இதே வடிவத்தைக் காட்டினார். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் தேறின. அதே சரிவில் இருந்து, நீக்காமல் விட்ட அணிகளும் அதேபோலத் தேறின.

சராசரியின் பக்கம் இழுப்பது

அப்படியானால் ஆரம்ப வாரங்களின் தரவைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். அதற்குரிய எடையைக் கொடுக்க வேண்டும். அந்த எடையை எப்படிக் கணக்கிடுவது என்பதை பிராட்லி எஃப்ரன், கார்ல் மோரிஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1970களில் பேஸ்பாலை வைத்து விளக்கினார்கள். 1970 பருவத் தொடக்கத்தில் தலா 45 முறை மட்டையெடுத்த 18 வீரர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரின் சராசரியையும் 18 பேரின் பொதுச் சராசரியான .265 பக்கம் பலமாக இழுத்தார்கள். மீதிப் பருவத்தில் அந்த வீரர்கள் எடுத்த உண்மையான அளவோடு ஒப்பிட்டபோது, இழுத்த மதிப்பீடுகளின் மொத்தப் பிழை, இழுக்காதவற்றின் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தது.

அந்தப் பட்டியலில் முதலிடத்தில் நின்றவர் ரொபெர்டோ கிளமென்டே, .400. சூத்திரம் அவரை .290 அருகில் இறக்கியது. அவர் மீதிப் பருவத்தில் எடுத்ததோ .346. சூத்திரம் சொன்னதுபோல .400 நிலைக்கவில்லை; ஆனால் அவ்வளவு கீழேயும் போகவில்லை. மொத்தத்தில் வெல்லும் சூத்திரம், அபூர்வமான ஒருவரைக் குறைத்து மதிப்பிடக்கூடும். 45 முறை மட்டையெடுத்ததை மட்டும் பார்ப்பவருக்கு அந்த அபூர்வ மனிதர் யார் என்று தெரியாது. வேறு ஏதாவது தெரிந்திருந்தால்தான் தெரியும்.

2001இன் குவார்ட்டர்பேக் விவாதம் இங்கேதான் வந்து சேர்கிறது. அந்த மார்ச்சில் பேட்ரியட்ஸ், ட்ரூ பிளெட்சோவுடன் 10 ஆண்டுக்கு 10.3 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. செப்டம்பர் 23 அன்று நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக அவர் எல்லைக்கோட்டை நோக்கி ஓடியபோது, மோ லூயிஸ் முழு வேகத்தில் வந்து மோதினார். மார்புக்குள் ரத்தக்குழாய் கிழிந்தது. அது தெரியாமல் அவர் திரும்பவும் களத்துக்கு வந்து சற்று நேரம் ஆடினார், பிறகுதான் மருத்துவமனை. இடத்துக்கு வந்தவர் பிரேடி. முந்தைய ஆண்டு வீரர் தேர்வில் 199ஆவதாக எடுக்கப்பட்டவர், அந்த ஆண்டு முழுக்க மூன்றே முறை பந்து எறிந்தவர்.

பிரேடி தொடக்கத்திலிருந்து ஆடிய முதல் மூன்று ஆட்டங்களைப் பாருங்கள். இண்டியானாபொலிஸுக்கு எதிராக 168 கெஜம், டச்டவுன் வீச்சு ஒன்றுமில்லை. அணி 44–13 என்று வென்றது, தடுப்பாட்டக்காரர்களே இரண்டு பந்தைப் பறித்து டச்டவுன் போட்டார்கள். மயாமியிடம் 86 கெஜம், 30–10 தோல்வி. சான் டியேகோவுக்கு எதிராக 364 கெஜம், 29–26 வெற்றி. எந்த ஆட்டத்தை நம்புவது? மூன்றையும் கூட்டிப் பார்த்தாலும், அடுத்த இருபது ஆண்டுகளில் வரப்போகும் மனிதர் அதில் தெரியவில்லை.

பிளெட்சோ குணமாகித் திரும்பியபோது, நவம்பர் 18 தோல்வியோடு அணி 5–5 என்று நின்றது. பிரேடி தொடங்கிய ஆட்டங்களில் 5 வெற்றி, 3 தோல்வி. பயிற்சியாளர் பில் பெலிசிக் பிரேடியையே வைத்துக்கொண்டார். இந்த 5–3ஐ மட்டும் பார்த்தால் அது துணிச்சலான சூதாட்டம். ஆனால் பெலிசிக்கின் கையில் இருந்த தரவு அதைவிடப் பெரியது. முந்தைய ஆண்டு பிரேடியை இழக்க மனமில்லாமல் நான்கு குவார்ட்டர்பேக்குகளை அணியில் வைத்திருந்தவர் அவர். பிரேடியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவர் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் டிக் ரேபைன்; தம் கணிப்பு பலித்ததைப் பார்க்காமலே 2001 ஆகஸ்ட்டில் காலமானார். இரண்டு ஆண்டுப் பயிற்சிகளில் பயிற்சியாளர்கள் கண்டதை எந்த ரசிகரும் கண்டிருக்க முடியாது. அந்தப் பருவத்தில் அணி அதன்பின் தோற்கவே இல்லை. 2002 பிப்ரவரி 3 அன்று சூப்பர் பௌலை வென்றது. அதற்கு முந்தைய பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் பிரேடி காயம்பட்டு வெளியேற, இறங்கி டச்டவுன் வீசி அணியைக் கரைசேர்த்தவர் பிளெட்சோ.

இந்தக் கதையை, ஆரம்பத்திலேயே ஆளை மாற்று என்ற பாடமாகப் படிக்கிறவர்கள் உண்டு. அப்படிப் படிப்பது தவறு. மாற்றப்பட்டு மறக்கப்பட்ட எத்தனையோ மாற்றுக் குவார்ட்டர்பேக்குகளின் கதையை யாரும் சொல்வதில்லை. பிரேடியின் கதை மட்டும் காலமெல்லாம் சொல்லப்படுகிறது. நான் இதில் படிக்கும் பாடம் வேறு. மூன்று ஆட்டத்தின் தரவு மெலிந்தது. அதற்குப் பின்னால் எவ்வளவு அறிவு சேர்ந்திருக்கிறது என்பதே தீர்ப்பின் தரத்தை முடிவு செய்கிறது.

ஆகவே அடுத்த அக்டோபரில் தடுப்பாட்டத்தைத் திட்டும் முன், குவார்ட்டர்பேக்கை உட்கார வைக்கச் சொல்லும் முன், மூன்றைக் கேட்கலாம். இது எத்தனை வீச்சின் கணக்கு? எதிரே நின்றது யார்? பந்து துள்ளிய திசையைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? இந்தக் கேள்விகள் ரசிகரின் ஆவேசத்தைக் குறைக்காது, குறைக்கவும் வேண்டாம். ஒரு மோசமான மாதத்துக்காக ஓர் இளைஞரின் வாழ்க்கையை முடித்துவைக்கும் அவசரத்தை மட்டும் குறைக்கும். விளையாட்டுக்கு மட்டுமா அது பொருந்தும்? முதல் தேர்வில் தடுமாறிய மாணவருக்கும், முதல் மாதத்தில் திணறும் புதிய ஊழியருக்கும் நாம் தர வேண்டிய நியாயமும் அதுவே.